நீங்களாவது வாங்க சார்

வங்கியில் நான் பார்த்த வேலையில் பாதி, இன்னொருவர் நாற்காலியில் உட்கார்வது. ஒரு கிளையில் அதிகாரி லீவில் போனால் அந்த இடத்துக்கு மாவட்டத்துக்குள்ளேயே யாரையாவது அனுப்புவார்கள். டெபுடேஷன் என்று பெயர். வீடு பரமக்குடியில் இருந்ததாலும், முடியாது என்று சொல்ல வாய் வராததாலும் அந்த யாரோ பெரும்பாலும் நானாகவே இருந்தேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரமாகப் பஸ் போகிற ஊர்களில் எல்லாம் கொஞ்ச நாள் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

மே மாதம்தான் இதற்கு சீசன். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊழியர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கடலோரக் கிளைகளுக்கோ அப்போதுதான் கூட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்கால நிவாரணம் கணக்கில் வரவாகும். முன்பு 5000 ரூபாய், பிறகு 8000 ஆனது. பணம் ஏறிவிட்டதா என்று கேட்கப் பாஸ்புக்கோடு பெண்கள் ஷட்டர் தூக்கும் முன்பே வந்து நிற்பார்கள். புது ஆளாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "பழைய சார் எப்ப வருவாரு?" என்பதுதான் முதல் கேள்வி. வணக்கம் சொல்வதுபோல எல்லோரும் அதைக் கேட்பார்கள்.

இதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். போனதும் முதல் வேலை, சாவியை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது. யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும். நான் யாருக்குப் பதிலாக வந்தவன் என்பது பச்சையாக எழுதியிருக்கும். மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

சிறு கிளையில் வேலை பார்ப்பவனுக்கு ஊரில் நடக்கப்போகும் விசேஷங்கள் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நகையை மீட்க வருவார்கள். காதுகுத்து என்றால் அம்மாவின் கழுத்துச் சங்கிலி, தாய்மாமன் வீட்டார் வைத்த வளையல். வட்டியும் அசலும் கட்டி, ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த பையைப் பிரித்து எடை பார்த்து வாங்கிப்போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் கிடக்கும். அடுத்த வாரம் அதே நகை, அதே மதிப்பீட்டாளர் முன்னால், புதுக் கடன் எண்ணோடு. பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் வழக்கம். குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது.

அப்படி ஒருவர் திருப்பாலைக்குடிப் பக்கத்துக்காரர். கருவாட்டு வியாபாரம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் அந்த மாதத்திலும் அவருக்குக் கொஞ்சம் சரக்கு வந்துகொண்டிருந்தது. பேத்திக்குக் காதுகுத்து. நகையை மீட்க வந்த அன்று பெட்டகத்தின் இரண்டாவது சாவியைத் திருப்பியவன் நான்தான். பையைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார். கேஷியருக்கு ஒன்று, மதிப்பீட்டாளருக்கு ஒன்று, தண்ணீர் எடுத்து வைக்கிற அம்மாவுக்கும் ஒன்று. உறையின் மேல் ஒவ்வொருவர் பெயரும் எழுதியிருந்தது. எனக்கு இல்லை. நியாயம்தான். என்னை அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் திடீரென்று ஊருக்குப் போகவேண்டியதாகிவிட்டது. கேஷியருக்குக் காய்ச்சல்.

"சார், நீங்களாவது வாங்க சார். உங்களுக்குன்னு பத்திரிகையை மேனேஜர் சார்கிட்டயே குடுத்து விட்டேனே, தரலையா?"

தரவில்லை என்று சொன்னால் மேனேஜரைக் காட்டிக்கொடுத்ததாகும். தந்தார் என்றால் பொய். "வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பூத்துவாலை விரித்து வைத்திருந்தார்கள். அது யாருக்கென்று கேட்காமலே தெரிந்தது. என்னைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தார்கள். சற்று நேரத்தில் மைக்கில், "நமது வங்கி மேலாளர் அவர்களுக்குப் பொன்னாடை" என்று ஒருவர் அறிவிக்க, வியாபாரியே வந்து போர்த்தினார். என் முகத்தைப் பார்க்காமல் போர்த்தினார். நானும் திருத்தவில்லை. ஒலிபெருக்கி வைத்த இடத்தில் யாரைத் திருத்த முடியும்? முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், "மேனேஜர் கொஞ்சம் செவப்பா இருப்பாரே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சந்தேகம் கேட்டார்.

மேனேஜர் ஊருக்குப் போகும் அவசரத்திலும் ஓர் உறையில் 1001 ரூபாய் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். மொய் எழுதுகிறவர் அதை வாங்கி அவர் பெயரையும் கிளையையும் எழுதினார். அப்புறம் பேனாவைத் தூக்கியபடி, "நீங்க?" என்றார். எங்கள் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு மட்டுமில்லை. வாங்கியவர் திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு அது. நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த விசேஷத்துக்குப் போவார்கள், அதையும் கொஞ்சம் கூட்டித்தான் செய்வார்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதமாட்டார்கள். எங்கே போய்த் திருப்பிச் செய்வது என்று தெரியவேண்டுமே. 501 ரூபாய் கொடுத்தேன். பரமக்குடி என்றேன். "பரமக்குடில எங்க?" என்று தெரு வரை கேட்டு எழுதிக்கொண்டார். அன்று அங்கே என்னை நானாக விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. கிடாக்கறி. அதில் குறை வைக்கக் கூடாது.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். கடைசி நேரத்தில் கூப்பிட்டதா உறுத்துகிறது? இல்லை. பூத்துவாலை விரித்து வைத்த நாற்காலி காலியாகக் கிடந்தால் சொந்தபந்தத்தின் முன்னால் அந்த மனிதருக்கு எவ்வளவு தலைகுனிவு என்று எனக்குத் தெரியும். அந்தத் தேவை நியாயமானது. 'உங்களுக்குன்னு குடுத்து விட்டேனே' என்கிற அந்தப் பத்திரிகைக் கதைதான் தொண்டையில் நின்றது. மேனேஜர் வரவில்லை, நாற்காலி காலியாக இருக்கிறது, கொஞ்சம் வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருந்தால், சாவிப் பதிவேட்டில் போடுவதுபோல ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன்.

இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், கீழக்கரையில் எனக்கு நடந்த இன்னொன்று. அங்கேயும் டெபுடேஷன்தான். கிளைக்கு வந்துபோகிற ஒரு காக்கா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), சங்கு வியாபாரக் குடும்பம். ஒரு நாள் மதியம், பணம் எண்ணி முடித்து டிபன் டப்பாவைத் திறக்கப்போகிற நேரத்தில் வந்து நின்றார். "சார், தங்கச்சி மகனுக்கு நிக்காஹ். ஒரு சகனுக்கு ஆள் குறையுது. டப்பாவ மூடுங்க, வாங்க" என்றார். உங்களைக் கூப்பிட மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று ஒன்றும் இல்லை. ஆள் குறைகிறது, அவ்வளவுதான்.

சகன் என்பது பெரிய தட்டு. நடுவில் நெய்ச்சோறு, மேலே கறி. சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் குறைந்தால் அந்தத் தட்டு முழுமையாகாது, இருப்பவர்களுக்கு அதை முடிக்கவும் முடியாது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கே கை வைப்பது என்று தயங்கினேன். எதிரே இருந்த முதியவர் ஒன்றும் பேசாமல் தன் பக்கத்துக் கறித் துண்டுகளை என் பக்கமாக நகர்த்திவிட்டார். நான் யார், யாருக்குப் பதில், எந்த வங்கி என்று யாரும் கேட்கவில்லை. "சோறு போதுமா?" என்று மட்டும் கேட்டார்கள். வரும்போது கையில் ஒரு பொட்டலம் தொதல் என்கிற இனிப்பு வேறு.

இரண்டு வீட்டிலும் நான் இடம் நிரப்பப் போனவன்தான். கருவாட்டு வியாபாரி கெட்டவர் இல்லை. நாலு பேர் முன்னால் மரியாதை தவறிவிடக் கூடாது என்று பயந்தவர். அந்தப் பயத்தில் எனக்கும் சேர்த்து ஒரு மரியாதையைக் கற்பனை செய்து சொன்னார். காக்காவுக்கு அந்தப் பயமே இல்லை. அல்லது பசி நேரத்தில் வந்ததால் பேச நேரமில்லாமலும் இருந்திருக்கலாம்.

போன வருடம் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். வியாபாரிக்குப் பத்திரிகை அனுப்பினேன். வரவில்லை, ஆனால் பஸ் ஏற்றி ஆள் அனுப்பியிருந்தார். நோட்டில் 1001 என்று எழுதியிருந்தது. எனக்கா, மேனேஜர் கணக்கா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அன்று மழை வேறு. தொண்டிப் பக்கத்து உறவுகள் பாதிப் பேர் வரவில்லை. சமையல்காரர் வந்து, இலை நிறைய மிச்சமாகும் என்று காதில் சொன்னார். எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருந்த பையன் ஒருவன், பக்கத்துத் தெருவில்தான் அறை எடுத்திருந்தான். பத்திரிகை வைத்தபோது அவன் வேலையிலேயே சேர்ந்திருக்கவில்லை. போனை எடுத்தேன். "தம்பி, வீட்ல விசேஷம். உனக்குப் பத்திரிகை வைக்கல. இப்ப ஆள் வரல, இலை கெடக்கு. வர்றியா?" என்றேன்.

"கறியா சார், சைவமா?" என்றான்.

கறி என்றதும், அறைத்தோழன் ஒருத்தனையும் கூட்டிவரலாமா என்று கேட்டான்.