மாடி மாஸ்ட், இரண்டு ஆன்டெனா: ஒரு ஹாம் நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2025, சனி

மாடி ஆன்டெனாவை இனியும் தள்ளிப்போட முடியாது. ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அனுமதி, வந்தாயிற்று. மேசைமேல் ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி) தயாராக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ரப்பர் குச்சி ஆன்டெனாவோடு உட்கார்ந்தால் பாதி நேரம் கரகரப்புதான். ஜன்னல் பக்கம் போனால் மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் (வரும் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) திறக்கிறது. நாற்காலிக்குத் திரும்பினால் மூடிக்கொள்கிறது.

விற்பனைப் பக்கங்களைப் பார்த்தால் எல்லாம் டெசிபல் பேச்சு, அதாவது ஆன்டெனா ஒரு திசையில் எவ்வளவு கூடுதலாக வீசும் என்ற கணக்கு. 4.5, 6, 8 என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. எதோடு ஒப்பிட்டு அந்த எண் என்று பல இடங்களில் சொல்வதே இல்லை. எல்லாத் திசையிலும் சமமாகக் கதிர்வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால், அரை அலை நீளக் கம்பியை நடுவில் பிரித்துச் செய்யும் சாதாரண டைபோலுக்கே 2.15 டெசிபல் வந்துவிடும். ஆகவே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, யாரோடு பேசப் போகிறேன் என்று எழுதிப் பார்த்தேன்.

இரண்டு மீட்டர் அலைவரிசையில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, தூத்துக்குடி நண்பர், நாகர்கோவில்காரர்கள், அப்புறம் அந்த ரிப்பீட்டர். நாற்பது மீட்டர் அலைவரிசையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், சென்னை, கோவை, பெங்களூர். முதல் கூட்டம் சுற்றிலும் சிதறிக் கிடப்பதால் எல்லாப் பக்கமும் வீசும் செங்குத்து ஆன்டெனா போதும். இரண்டாவது கூட்டத்துக்கு நீளமான கம்பி. ஒரே மாஸ்டில் (ஆன்டெனாவைத் தாங்கும் கம்பம்) இரண்டும் ஏற வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாஸ்ட் வாங்க வேண்டியதில்லை. அப்பா 1980-களில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்ப்பதற்காக நட்ட ஜிஐ பைப் இன்னும் நிற்கிறது. இருபது அடி, ஒன்றரை இஞ்ச். உச்சியில் இருந்த யாகியின் (பழைய டிவி ஆன்டெனா) குறுக்குக் குழாய்கள் பாதி உதிர்ந்துவிட்டன. தட்டிப் பார்த்தேன், பைப் கணீரென்றது. அடியில் இருக்கும் க்ளாம்ப் மட்டும் துருப்பிடித்து அப்பளமாகிவிட்டது.

ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பிப்ரவரியில். அதன் உயரமான டிரான்ஸ்மிட்டர் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் இருக்கிறது. உயரம் 2,524 மீட்டர். ரேடியோ தொடுவானத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். அந்த மலைக்கு 207. தரையிலிருந்து 13 மீட்டரில் நிற்கும் எங்கள் மாஸ்ட் உச்சிக்கு 15. கூட்டினால் 222. பாளையங்கோட்டையிலிருந்து மலை இருப்பதோ 380 கிலோமீட்டர் தள்ளி. மீதி தூரத்தைக் கடந்தது கடலின் புண்ணியத்தால். மன்னார் வளைகுடா மேல் குளிர்ந்த ஈரக் காற்றும் அதற்குமேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காகப் படிந்தால், அலை மேலே தப்பாமல் அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து ஓடும். சில ராத்திரிகளில் படம் கண்ணாடி மாதிரி வந்ததும், மறுநாள் வெறும் புள்ளியாக இருந்ததும் அதனால்தான். அப்பா பூஸ்டரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

அந்தப் பழைய யாகியைச் சரிசெய்து இரண்டு மீட்டருக்குப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் கேட்டார். குழாய்கள் படுக்கை வாட்டில் இருக்கின்றன. எங்கள் எஃப்எம் பேச்சு முழுக்கச் செங்குத்து. ஆன்டெனாவின் வாட்டம், அதாவது துருவம், மாறினால் 20 டெசிபல்வரை போய்விடும், அதாவது நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும். இறக்கிக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கக் கேபிள் கணக்கு. முடிவை இதுதான் தீர்மானித்தது, அதனால் விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

ரிக்கிலிருந்து மாஸ்ட் உச்சிவரை 25 மீட்டர் கேபிள் வேண்டும். எல்லாரும் முதலில் வாங்கும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள், 145 மெகாஹெர்ட்ஸில் இந்த நீளத்துக்கு ஏறக்குறைய 5 டெசிபலைத் தின்னும். பத்து வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது மூன்று வாட் சொச்சம். தடித்த ஆர்ஜி-213 என்றால் இழப்பு 2.2 டெசிபல். ஆறு வாட் ஆன்டெனாவுக்குப் போகும்.

இப்போது ஆன்டெனா பக்கம் வருவோம். நான் கண் வைத்திருந்த டைமண்ட் எக்ஸ்-50, 1.7 மீட்டர் ஃபைபர் குழாய். இரண்டு மீட்டரில் 4.5 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே செய்யும் கால் அலை கிரவுண்ட் பிளேன் என்ற செங்குத்து ஆன்டெனாவுக்கு 2 டெசிபல் அளவில் வரும். வித்தியாசம் இரண்டரை. கேபிளை மாற்றினாலே 2.8 கிடைத்துவிடுகிறது! அனுப்பும்போது மட்டுமில்லை, கேட்கும்போதும் அதே லாபம்.

கையில் இருக்கும் பணத்தைக் கேபிளில் போடுகிறேன். ஆன்டெனாவைக் கையால் செய்துகொள்ளலாம். பிற்பாடு ஃபைபர் குழாய் வாங்கினாலும் இதே கேபிள் உழைக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கடைக்காரர்களும் தடுப்பதில்லை.

பிப்ரவரி 22, சனி

வெல்டிங் அண்ணாச்சி வந்தார். பைப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பைப்பு இன்னும் இருவது வருசம் தாங்கும் தம்பி, க்ளாம்புதான் போச்சு” என்றார். கைப்பிடிச் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் புது யூ க்ளாம்ப் வைத்தோம். இரண்டுக்கும் இடையே மூன்றடி இடைவெளி. மேலே முக்கால் பங்கு உயரத்தில் வளையம் வைத்து மாஸ்ட் சாயாமல் இழுத்துப் பிடிக்க மூன்று ஸ்டே கம்பி, 120 டிகிரிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நடுவே முட்டை இன்சுலேட்டர், கீழே இழுவையை முறுக்கிச் சரிசெய்யும் டர்ன்பக்கிள்.

மின்வாரியக் கம்பி கிழக்குத் தெருவில் போகிறது. மாஸ்ட் அடியோடு சாய்ந்தாலும் உச்சி அந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்பது மட்டும் பேரத்துக்கு இடமில்லாத விஷயம். டேப் வைத்து அளந்தேன். பதினொரு மீட்டர். பைப்பும் ஆன்டெனாவும் சேர்ந்து ஆறரைதான்.

அம்மா ஸ்டே கம்பிகளைப் பார்த்துவிட்டு, “ஏல, துணி காயப்போட எடம் மிஞ்சுமால?” என்றாள். ஒரு ஸ்டேயின் கொக்கியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிரவுண்ட் பிளேன். தேவை கேபிள் மாட்டும் ஒரு எஸ்ஓ-239 சாக்கெட், மூன்று மில்லி பித்தளைக் கம்பி, நான்கு சின்ன போல்ட் நட்டு. நடுவில் ஒரு கம்பி நட்டக்குத்தலாக நிற்கும். சாக்கெட்டின் நான்கு மூலை ஓட்டைகளிலும் நான்கு கம்பி, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்வாக. சாய்ப்பது அழகுக்காக இல்லை. நான்கும் மட்டமாக நின்றால் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) 36 ஓம் பக்கம் இருக்கும், சாய்த்தால் 50-ஐ நெருங்கும். கேபிளும் 50, இரண்டும் ஒத்துப்போனால்தான் சக்தி திரும்பி வராது.

கஷ்டமான வேலை பிஎல்-259 கனெக்டர்தான். 25 வாட் சால்டரிங் அயர்ன் தடித்த கேபிளின் பின்னல்மேல் வைத்தவுடன் குளிர்ந்துவிடும். ஈயம் உருண்டையாக மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. 100 வாட் அயர்னை இரவல் வாங்கி வந்தேன். முதலில் பின்னலுக்குத் தனியாக ஈயம் பூசி, பிறகு கனெக்டருக்குள் திருகி, பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகச் சூடு காட்டினேன். ஈயம் சட்டென்று பளபளத்து உள்ளே வழியும் அந்த நொடியிலேயே அயர்னை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் இளகி, நடுக் கம்பி பின்னலைத் தொட்டுவிடும்.

நடுக் கம்பியை வேண்டுமென்றே 52 சென்டிமீட்டர் விட்டிருந்தேன். நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா அளவுக் கருவியில் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றும் காட்டி அளவு திருத்திக்கொண்டு பார்த்தால், பள்ளம், அதாவது ஆன்டெனா ஒத்திசையும் இடம், 138 மெகாஹெர்ட்ஸில் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து 49-க்கு வந்தபோது பள்ளம் 145-இல் உட்கார்ந்தது. எஸ்டபிள்யூஆர் (திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2.

இந்த அளவை ஆன்டெனா காலடியில் எடுத்தேன். கீழே ரிக் பக்கம் நின்று அளந்தால் கேபிளின் இழப்பே குறையை மறைத்து, எண்ணை நல்ல பிள்ளையாகக் காட்டும். எஸ்டபிள்யூஆர் நன்றாக இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் மின்தடையான 50 ஓம் டம்மி லோடுக்கும் அந்த எண் 1-தான், அதில் யார் குரலும் கேட்காது.

கனெக்டர்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்குமேல் பிவிசி டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விட்டிருக்கிறேன், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சாயங்காலம் தூத்துக்குடி நண்பரை ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகக் கூப்பிட்டேன். லேசான இரைச்சலோடு, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் பேசினோம். அவருடைய ஆன்டெனா என்னுடையதைவிட ரொம்ப உயரம், பாதிப் பெருமை அவருக்கு.

மார்ச் 2, ஞாயிறு

எர்த். மாஸ்டுக்கு நேர் கீழே குழி, ஜிஐ பைப், உப்பும் கரியும். எலக்ட்ரீசியன் இது தனியாகவே இருக்கட்டும், வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும். தனித்தனியாக இருந்தால் அதைச் சமன் செய்யும் பாதை ரிக்கும் பவர் சப்ளையும்தான். தடித்த செம்புக் கம்பியால் இரண்டையும் இணைத்தோம். கேபிள் நுழையும் இடத்தில், அதிக மின்னழுத்தத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும் வாயுக்குழாய் அரெஸ்டர். அதற்குமேலும், இடி சத்தம் கேட்டால் கேபிளைக் கழற்றிவிடுவதுதான் வழக்கம்.

மார்ச் 9, ஞாயிறு

நாற்பது மீட்டர் இன்வெர்டட் வி, அதாவது தலைகீழ் வி வடிவில் தொங்கும் டைபோல். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலையின் நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14. நான் 20.6 மீட்டரில் தொடங்கினேன். நடுப்பகுதி மாஸ்டில், ஒரு முனை மாடியின் வடகிழக்கு மூலைக்கு, மறுமுனை கொல்லைத் தென்னைக்கு.

தென்னையில் நேராகக் கட்டினால் காற்றுக்கு மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும். மரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றை அதன் வழியாக இறக்கி, நுனியில் மணல் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். மரம் ஆட ஆட பாட்டில் ஏறி இறங்குகிறது, கம்பியின் இழுவை மாறுவதில்லை.

பள்ளம் முதலில் 6.85-இல் இருந்தது. வி வடிவில் முனைகள் தாழும்போது அப்படி இறங்கும். கம்பியை வெட்டாமல் இரு முனையிலும் 36 சென்டிமீட்டர் மடித்துச் சுற்றினேன், 7.1-க்கு வந்துவிட்டது. இதற்கு மட்டும் மெல்லிய ஆர்ஜி-58. இரண்டு மீட்டரில் அவ்வளவு திருடும் அதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபல்தான் எடுக்கும். ஆன்டெனா பக்கத்தில் கேபிளையே எட்டுச் சுற்றுச் சுருட்டிக் கட்டியிருக்கிறேன், பின்னலின் வெளிப்புறம் ஓடிவரும் மின்னோட்டத்தை ரிக் பக்கம் விடாமல் தடுக்க.

இவ்வளவு தாழ்வாகக் கட்டினால் வெளிநாடு எட்டாதே என்று ஒருவர் சொன்னார். எனக்கு வேண்டியதே அதுதான். நாற்பது மீட்டருக்குக் கால் அலை என்பது பத்து மீட்டர். அந்த உயரத்தில் கட்டினால் பெரும்பங்கு நேரே மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றுவட்டாரத்தில் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். பகலில் சென்னையும் கோவையும் கிடைக்க அதுதான் வழி. சோதனைக்குக் கூப்பிட்டதில் பெங்களூர்க்காரர் ஃபைவ் நைன் (தெளிவுக்கும் வலிமைக்கும் முழு மதிப்பெண்) கொடுத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

நாற்பது மீட்டரில் எஸ்-7 இரைச்சல் (எஸ் என்பது ரிக்கின் சிக்னல் ஊசி காட்டும் அளவு). ராத்திரி கரண்ட் போனது, ரிக் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி சடாரென்று எஸ்-2-க்கு விழுந்தது, அதுவரை தெரியாத ஒரு குரல் மேலே வந்தது. அப்படியானால் குற்றவாளி தெருவிலேயே இருக்கிறான். கரண்ட் வந்தபின் எங்கள் வீட்டு எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். மாடிப்படி எல்இடி பல்பு ஒன்று, பழைய போன் சார்ஜர் ஒன்று. இரண்டையும் மாற்றியதும் எஸ்-5. மிச்சம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து. அவர்களிடம் எதுவும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

ராத்திரி எட்டு மணிக்குமேல் பத்து மீட்டர் பேண்டில் (28 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) வரும் குரல்கள் எல்லாம் நடுங்குகின்றன. ஆன்டெனாவில் கோளாறு இல்லை, ஊர் அப்படி. புவிகாந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் போகிறது. 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டை விடத் தும்பாவைத் தேர்ந்ததும் அதற்காகத்தான். சிற்பங்களுக்காக நாம் போகும் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் இருப்பதும் அதனால்தான். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் மேலடுக்கு இங்கே குமிழ் குமிழாக உடைகிறது. மார்ச், செப்டம்பர் ஒட்டிய வாரங்களில் இது அதிகம். புது ஆன்டெனா போட்டவர்கள் இந்த நடுக்கத்தைக் கேட்டுவிட்டு கனெக்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடக் கூடாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று சாயங்காலம் கோடை மழை, நல்ல இடி. கேபிள்களைக் கழற்றி வைத்திருந்தேன். இன்று இரண்டையும் மறுபடி அளந்தேன். கிரவுண்ட் பிளேன் 1.2-இலேயே நிற்கிறது. இன்வெர்டட் வி 7.08-க்கு நகர்ந்திருக்கிறது, ஈரத் தென்னையோலை கம்பி முனையைத் தொடுகிறது. ஓலையை வெட்டிவிட்டால் சரி.

மேற்கு ஸ்டே கம்பி கொஞ்சம் தொய்ந்திருந்தது. டர்ன்பக்கிளை இரண்டு சுற்று முறுக்கினேன். ஆனிக்காற்று தொடங்குமுன் அதை மட்டும் தடித்த கம்பியாக மாற்ற வேண்டும், க்ளாம்புகளுக்கு ரெட் ஆக்சைடும் ஒரு கோட் அடிக்க வேண்டும். அண்ணாச்சி அடுத்த சனிக்கிழமை வருகிறார்.