வேளச்சேரி வரைபடங்கள்: நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

வேளச்சேரியில் 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு வரவிருக்கும் மழைநீர் வடிகாலுக்காக நான்கு இடங்களிலிருந்து வந்த நான்கு வரைபடங்களை இன்று ஒரே கோப்பில் ஏற்றினேன். வடிகால் வரைபடம் செயற்கைக்கோள் வழியாக இடத்தை அளக்கும் எங்கள் டிஜிபிஎஸ் அளவையில் பிறந்தது. டேட்டம் (பூமியின் அளவையும் மையத்தையும் நிர்ணயிக்கும் அடிப்படை) டபிள்யூஜிஎஸ் 84, பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாகக் காட்டும் யூடிஎம் முறையில் 44 வடக்கு மண்டலம், அலகு மீட்டர். அதன் புள்ளிகள் கிழக்கில் 4,15,400-ஐயும் வடக்கில் 14,34,500-ஐயும் ஒட்டி நிற்கின்றன. இரண்டாவது, தெருவின் வடபுறம் எழும் குடியிருப்பு வளாகத்தின் மனைப் பிரிவு வரைபடம். அதன் அலகு மீட்டர் அல்ல, அடி. மூன்றாவது, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் எடுத்த தெரு அளவை. முதல் அளவைக் கல்லுக்கு 1000, 1000 என்று கொடுத்து அங்கிருந்தே அளந்திருக்கிறார்கள். நான்காவது, ஒரு பழைய குடிநீர்க் குழாய் வரைபடத்தின் ஸ்கேன். அதன் ஓரங்களில் அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிகள் உள்ளன.

ஏற்றிய உடனே திரையில் எதுவும் தெரியவில்லை. முழுவதையும் காட்டச் சொன்னபோது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அடிக் கணக்கில் உள்ள எண்களை மீட்டராகவும், 1000, 1000 என்ற கல்லை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலும் மென்பொருள் எடுத்துக்கொண்டால் வேறு என்னவாகும்?

"நாலையும் இழுத்து ஒண்ணு மேல ஒண்ணு உட்கார வெச்சிடு தம்பி, நாளைக்கு பிரிண்ட் வேணும்" என்றார் திட்டப் பொறுப்பாளர். நாளைக்கு முடியாது, வெள்ளிக்கிழமை ஆகும் என்று சொல்லிவிட்டேன். கண்ணால் பார்த்து இழுத்து உட்கார வைத்த வரைபடம் அந்த ஒரு மூலையில்தான் பொருந்தும். மற்ற மூலைகளில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது குழி வெட்டும் நாளில்தான் தெரியும்.

ஜூன் 4, புதன்

பழைய குழாய் வரைபடத்திலிருந்து தொடங்கினேன். ஓரக் குறிகளை டபிள்யூஜிஎஸ் 84 என்று வைத்துக்கொண்டு ஏற்றினால், தெருவோடு ஓட வேண்டிய குழாய் தென்கிழக்கே இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி, வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது. வரைந்தவர் மீது இதில் எந்தத் தவறும் கிடையாது. அந்தக் குறிகள் எவரெஸ்ட் நீள்வட்டகத்தின் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு) மீது, கல்யாண்பூரை மூலமாகக் கொண்ட டேட்டத்தில் எழுதப்பட்டவை. எவரெஸ்டின் அரைப் பேரச்சு, அதாவது நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம், 6377276 மீட்டர். டபிள்யூஜிஎஸ் 84-இன் அரைப் பேரச்சு 6378137 மீட்டர். பூமியின் அளவிலேயே 861 மீட்டர் வேறுபடுகிறது, மையமும் வேறு இடத்தில் இருக்கிறது. ஆகவே ஒரே கல்லுக்கு இரண்டு முறைகளிலும் வெவ்வேறு தீர்க்கரேகை வருவது இயல்பு. டேட்டத்தைச் சரியாகச் சொல்லி மாற்றியதும் குழாய் தெருவுக்குத் திரும்பியது. ஸ்கேன் தாளின் சுருக்கத்தால் இரண்டு மூன்று மீட்டர் ஐயம் மிஞ்சுகிறது. அதைத் தாண்டி அந்தத் தாளிடமிருந்து எதிர்பார்க்க நியாயமில்லை. குழாய் எங்கே என்பதைத் தோண்டிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையில் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போனது. நாட்டின் பெரும் முக்கோண அளவை முழுவதும் அந்தக் கோட்டிலிருந்து கிளைத்தது. அதே மண்ணில் நின்று, இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது என்ற அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மனைப் பிரிவு வரைபடம் எளிது என்று நினைத்திருந்தேன். அதன் எண்கள் கிழக்கில் 13,62,000-க்கும் வடக்கில் 47,06,000-க்கும் மேல், 0.3048 ஆல் பெருக்கினால் நேராக யூடிஎம் வந்துவிடுகிறது. பெருக்கி ஏற்றியபோது வளாகத்தின் தெற்குச் சுற்றுச்சுவர் எங்கள் வடிகாலின் மீதே ஏறி நின்றது. வடிகாலை மூன்று மீட்டர் தெற்கே தள்ளிவிடலாம் என்ற பேச்சு மதியமே எழுந்துவிட்டது. தெற்கே தள்ளினால் எதிர்ப்புறம் ஏழு கடைகளின் முகப்பு போகும். அவற்றில் ஒன்று தையல் கடை. வாசலில் ஒரு மிஷின் போடும் அளவே இடம்.

பேச்சு முடிவாகும் முன் மூத்த சர்வேயர் அண்ணாவும் நானும் டிஜிபிஎஸ் கருவியோடு போய்ச் சுவரின் நான்கு மூலைகளையும் அளந்தோம். நான்கிலும் வரைபடம் உண்மையான இடத்துக்குத் தெற்கே 2.87 மீட்டரும் மேற்கே 0.83 மீட்டரும் விலகியிருந்தது. 300 மீட்டர் நீள வளாகத்தில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஒரு சென்டிமீட்டர் கூட வேறுபாடு இல்லை. கைத்தவறு என்றால் இவ்வளவு சீராக இருக்காது. இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, 2.87-ஐ வடக்கு எண்ணாலும் 0.83-ஐக் கிழக்கு எண்ணாலும் வகுத்தேன். இரண்டிலும் ஒரே விடை: பத்து லட்சத்தில் இரண்டு.

அந்த எண்ணைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அமெரிக்க சர்வே அடி என்பது 1200/3937 மீட்டர், அதாவது 0.3048006, சர்வதேச அடி மிகச்சரியாக 0.3048. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டேதான். ஒரு கதவை அளக்கும்போது அது யார் கண்ணிலும் படாது. நிலநடுக்கோட்டிலிருந்து 1434 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எண்ணில் அது மூன்று மீட்டராகிவிடுகிறது. அமெரிக்காவிலேயே 2022 முடிவோடு அந்த அடியை அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டார்கள். பழைய டெம்ப்ளேட்டுகளில் அது இன்னும் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

வரைந்த குழுவைத் தொலைபேசியில் கேட்டேன். அவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வேலைகளைச் செய்பவர்கள். டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நான் நினைத்தது சரிதான் என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். சரியான பெருக்கெண்ணோடு மீண்டும் ஏற்றினேன். சுவர் 2.87 மீட்டர் வடக்கே தன் இடத்துக்குப் போய் நின்றது. வடிகாலைத் தள்ள வேண்டியதில்லை.

ஜூன் 9, திங்கள்

மற்றவை முடிந்தும் தெரு அளவை மட்டும் மிஞ்சிவிட்டதால், பிரிண்டுக்கு இன்னும் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் வெள்ளிக்கிழமையே மென்பொருளில் வரைபடத்தைப் பொருத்தும் அலைன் கட்டளையில் இரண்டு கற்களைக் கொடுத்து, அளவையும் சேர்த்து மாற்றச் சொல்லிப் பொருத்தியிருந்தார். பார்க்க அழகாக உட்கார்ந்திருந்தது. "எவ்வளவு பெருக்கியதும்மா?" என்று கேட்டேன். "1.0008 சார்" என்றார். அங்கேதான் சிக்கல். யூடிஎம் மண்டலத்தின் மைய தீர்க்கரேகை 81 பாகை. அங்கே தரை நீளத்தை வரைபட நீளமாக்கும் அளவுக் காரணி 0.9996. நாம் அதற்கு மேற்கே சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், இங்கே 0.9997 அளவுக்கு வர வேண்டும். தரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் வரைபடத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் குறையும். ஒன்றுக்கு மேல் போக இந்த ஊரில் வழியே கிடையாது. இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துப் பொருத்தினால் மென்பொருள் எதைக் கொடுத்தாலும் பொருத்திக் காட்டும். தவறைச் சொல்ல அதனிடம் மூன்றாவது சாட்சி இல்லை.

இரண்டு அளவைகளிலும் இருக்கும் நான்கு பொதுக் கற்களையும் சேர்த்து, வரைபடத்தை நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றிப் பொருத்தும் ஹெல்மெர்ட் மாற்றத்தை ஓட்டினோம். மிச்சப்பிழை எல்லாக் கற்களிலும் இருபது முப்பது சென்டிமீட்டராகப் பரவி நின்றது. ஒவ்வொரு கல்லாக விலக்கிப் பார்த்தோம். மூன்றாவது கல்லை விலக்கியபோது மற்ற மூன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கின, காரணியும் 0.9997-க்கு வந்தது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்.

ஜூன் 10, செவ்வாய்

காலை ஆறரைக்கே மூன்றாவது கல்லுக்குப் போனோம். கல் நேராகத்தான் நிற்கிறது, அதன் தலையில் வெட்டிய கூட்டல் குறியும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அடியைச் சுற்றிப் புது சிமென்ட். பக்கத்து நடைபாதைக் கற்களும் அதே நிறத்தில் இருந்தன. எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். "பிளாட்பாரம் போடச்சே அதைப் பிடுங்கி அந்தாண்ட வெச்சிருந்தாங்கப்பா, அப்புறம் இங்க நட்டாங்க" என்றார். பிடுங்கியவர்கள் தெருவிலேயே போட்டுவிட்டுப் போகாமல் நட்டு வைத்தது அக்கறையால்தான். பழைய இடத்திலிருந்து 62 சென்டிமீட்டர் தள்ளி நட்டிருக்கிறார்கள்.

மாலை எல்லா வரைபடங்களும் ஒரே கோப்பில் சேர்ந்துவிட்டன. தலைப்புக் கட்டத்தில் டேட்டம், மண்டலம், அலகு, ஒவ்வொரு வரைபடத்துக்கும் செய்த மாற்றம் எல்லாவற்றையும் எழுதினேன். குழிக்குக் கயிறு பிடிப்பவர்கள் டேப்பில்தான் அளப்பார்கள் என்பதால், 1.4 கிலோமீட்டருக்கு வரைபட நீளத்தைவிடத் தரையில் 42 சென்டிமீட்டர் கூடுதலாக வரும் என்பதையும் அவர்களுக்காகத் தனியாகப் பெரிய எழுத்தில் சேர்த்தேன். மூன்றாவது கல்லின் பக்கத்தில், "நகர்த்தப்பட்டது, பயன்படுத்த வேண்டாம்" என்று அந்தப் பெண் சிவப்பில் குறித்தார்.