“நார்மல்” என்று வந்த ஜீன் ரிப்போர்ட்டும் மாமியாரின் வார்ஃபரினும்

மாமியாருக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அப்படி வைத்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கப் புதிய மாத்திரைகள் ஆகாது, வார்ஃபரின் என்ற பழைய மாத்திரைதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும், ஏறினால் ரத்தக்கசிவு. என் கணவருடையது சிகாகோவில் இருக்கும் கறுப்பினக் குடும்பம். இந்தக் கதையில் அது முக்கியம்.

ஜீன் டெஸ்ட் எடுத்தால் டோஸ் சட்டென்று பிடிபடும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள், சரி என்றோம். வார்ஃபரினை உடலில் சிதைக்கும் சிஒய்பி2சி9 ஜீனுக்கு நேராக “ஸ்டார் 1 / ஸ்டார் 1”, வார்ஃபரின் எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் விகேஓஆர்சி1 ஜீனுக்கு நேராக “ஜிஜி”, எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. அமெரிக்காவில் மருந்தோடு வரும் அட்டவணைப்படி இதற்கு ஒரு நாளைக்கு 5 முதல் 7 மில்லிகிராம். அப்படியே ஆரம்பித்தார்கள், ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டிவிட்டது, பல் துலக்கினால் ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை.

கீரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாரா என்று கேட்டார்கள். ஞாயிறுதோறும் ஒரு பெரிய சட்டி நிறைய காலர்டு கீரை வேகவைக்கிற மனுஷியிடம்! கீரையில் இருக்கும் வைட்டமின் கே ஐஎன்ஆரை இறக்கத்தான் செய்யும், அதையும் மீறி ஏறுகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

வார்ஃபரின் கிளினிக் மருந்தாளர்தான் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். அந்த லேப் சிஒய்பி2சி9-இல் தேடியது ஸ்டார் 2, ஸ்டார் 3 என்ற இரண்டு மாற்றங்களை மட்டும். அவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் இருப்பவை. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 5, 6, 8, 11 பார்க்க வேண்டும், கூடவே ஆர்எஸ்12777823 என்ற இன்னொரு மாற்றமும். தேடாததெல்லாம் தானாகவே “ஸ்டார் 1” ஆகிவிடும், அதுதான் அவர்கள் எழுதிய நார்மல்! விகேஓஆர்சி1 காரணமாகக் கறுப்பின மக்களுக்குச் சராசரியாக டோஸ் கூடுதலாகத்தான் தேவைப்படும், அதனால் இப்படி ஒரு ரிப்போர்ட் டோஸை மேலேயே தள்ளும்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. வார்ஃபரின் டோஸ் பற்றி 2013-இல் வெளியான கோஆக் ஆய்விலேயே, ஜீன் பார்த்து டோஸ் கொடுத்த கறுப்பின நோயாளிகளின் ஐஎன்ஆர் சரியான அளவில் இருந்தது 35.2 சதவீத நேரம்தான். ஜீன் பார்க்காமல் கொடுத்தவர்களுக்கு 43.5. அந்த ஆய்விலும் சிஒய்பி2சி9-இல் பார்த்தது ஸ்டார் 2, 3 மட்டுமே. இத்தனை வருஷம் கழித்தும் அதே டெஸ்டை எடுத்து நீட்டினால் கோபம் வராதா?

வேறு லேபில் எடுத்தோம், ஸ்டார் 8 ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருந்தாலே டோஸில் 15 முதல் 30 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்த பிறகு ஐஎன்ஆர் பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே நிற்கிறது. கீரைச் சட்டியும் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் யாருக்காவது இந்த டெஸ்ட் எழுதினால், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே எந்தெந்த ஸ்டார் பார்ப்பீர்கள் என்று லேபில் கேட்டுவிடுங்கள். 5, 6, 8, 11 இல்லை என்றால், ஜீனை விட்டுவிட்டு வயது, எடை, மற்ற மருந்துகளை வைத்தே டோஸ் போடச் சொல்கிறது, ஜீனை வைத்து மருந்து கொடுப்பது பற்றி 2017-இல் வந்த சிபிஐசி வழிகாட்டி.