தொக்கான் வாங்கும் முழு மதிப்பெண்

இந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள்: "தொக்கான் மிசுரைக் கரையில் இரண்டு பலுக்குகளை நெவ்வினான். அதனால் அவனுடைய கொளுப்பி வெகுவாகத் திமுளியது." இப்போது கேள்விகள். தொக்கான் பலுக்குகளை எங்கே நெவ்வினான்? எத்தனை பலுக்குகள்? அவனுடைய கொளுப்பிக்கு என்ன ஆயிற்று?

மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டீர்கள்தானே? மூன்றுக்கு மூன்று. ஆனால் தொக்கான் செய்தது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பத்தி வினாவில் முழு மதிப்பெண் வாங்கிய விடைத்தாள் கையில் வரும்போதெல்லாம் எனக்குத் தொக்கான் நினைவுதான். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. மெல்லக் கற்போருக்கான ஸ்பெஷல் கிளாஸில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வித்தை இதுதான். இதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். இந்த வித்தையால் தேறி, பாலிடெக்னிக்கில் சேர்ந்து, வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், இதற்குப் பெயர் வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்று நாமே நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

புரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அர்த்தம் தெரியாத சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது நம் வழக்கம். சொற்கள் எல்லாம் தெரிந்த வாக்கியமே தடுக்கி விழவைக்கும் என்பது வகுப்பில் நின்றால்தான் தெரியும். "தி பாய் ஹூ கேம் வித் மை அங்கிள் லெஃப்ட் எர்லி" என்று எழுதி, யார் சீக்கிரம் கிளம்பியது என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மாமா என்றுதான் பல பேர் சொல்வார்கள். இந்த வாக்கியத்தில் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. 'லெஃப்ட்' பக்கத்தில் நிற்பவர் மாமா, அவ்வளவுதான்.

தமிழில் இந்தக் குழப்பம் வராது. "மாமாவோடு வந்த பையன் சீக்கிரம் கிளம்பிவிட்டான்" என்கிறோம். பையனைப் பற்றிய விவரம் பையனுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. போதாததற்கு, வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்: கிளம்பிவிட்டான் என்றால் பையன், கிளம்பிவிட்டார் என்றால் மாமா. 'லெஃப்ட்' அப்படி எதுவும் காட்டிக்கொடுக்காது. வினையின் வாலைப் பார்த்தே ஆளைப் பிடித்துப் பழகிய பிள்ளை, வால் இல்லாத மொழியில் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. 'ஆல்தோ' கதையும் இதேதான். நாம் "மழை பெய்தாலும்" என்று சொல்லி முடிக்கும் இடத்தில்தான் 'ஆலும்' வருகிறது. ஆங்கிலம் அதை முதல் சொல்லாகவே வைத்துவிடுகிறது. காற்புள்ளி வருவதற்குள் பிள்ளைக்கு அது மறந்து போய்விடும்.

அதனால் என் வகுப்பில் இப்போது பாதி நேரம் ஒரே கேள்விதான் ஓடுகிறது. வினைச்சொல்லைக் காட்டி "யார்?" என்று கேட்பேன். 'ஹூ'வில் தொடங்கும் துண்டை விரலால் மூடிவிட்டு மீதியைப் படிக்கச் சொல்வேன். "தி பாய் லெஃப்ட் எர்லி." சரி, இப்போது விரலை எடு. 'இட்', 'தே' என்று எது வந்தாலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அது யாரை அல்லது எதைச் சொல்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாடப்புத்தகம் கோடு கோடாக அசிங்கமாகிவிடும். அந்தப் புத்தகங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

புரிந்ததா என்று சோதிக்கும்போது தமிழிலேயே சொல்லச் சொல்கிறேன். ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆங்கில வகுப்பில் ஆங்கிலம்தான் ஒலிக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் விடை எழுதச் சொன்னால், தப்பு வந்தது படித்ததிலா எழுதியதிலா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு சின்னக் கணக்குச் சொன்னார்கள். எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். என் வகுப்பில் இரண்டு பூஜ்யமும் உண்டு. ஒருத்தி கணீரென்று பத்தியைப் படிப்பாள், என்ன படித்தாய் என்றால் விழிப்பாள். இன்னொருவனுக்கு நான் வாசித்துக் காட்டினால் கதை புரிந்துவிடும், தானே படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டவே தடுமாறுவான். பதிவேட்டில் இருவரும் மெல்லக் கற்போர். இருவர் கையிலும் ஒரே மினிமம் மெட்டீரியல், அதாவது தேறுவதற்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பு. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான் இது.

அப்புறம், பாடப்புத்தகத்தின் கனம். பக்கத்தில் உள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் வசதியாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று ஹூ, பால் நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். எங்கள் பாடங்களில் வரிக்கு ஒன்றிரண்டு தெரியாத சொல் நிற்கும். இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் அல்ல. 1920களிலேயே டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்காகச் சொற்களைக் குறைத்து, புதுச்சொல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டு வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தார். நூறு வருடம் ஆகப் போகிறது.

எளிமையான கதைகளுக்கு இன்று பஞ்சமில்லை. பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மீசை அரும்பும் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் யானைக்குட்டிப் படம் போட்ட கதையை நீட்டினால் வாங்குவானா? அதனால் ஒன்பதாம் வகுப்பில், பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட நல்ல கதையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று சொன்னேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பத்தைப் படிக்க வேண்டுமே. வெட்கம் அங்கேயே போய்விட்டது.

இன்னொரு வழி நம் ஊரிலேயே நடந்து பார்த்த ஒன்று. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பாடம் என்று தனியாக இல்லாமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, மூளையைப் போட்டுத் தீர்க்க வேண்டிய வேலையாக ஆங்கிலத்தை மாற்றியது அது. அதன் தாக்கத்தில் நான் கொண்டு போனது, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். முழுவதையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்கவும், 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும் என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கும். என் கேள்விகள்: வீட்டில் அரை லிட்டர் பாட்டில்தான் இருக்கிறது, என்ன செய்வாய்? நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கலக்கியதை இன்று மதியம் தம்பிக்குக் கொடுக்கலாமா? தொக்கான் வித்தை இங்கே செல்லாது. 'மதியம்' என்ற சொல்லைப் பாக்கெட்டில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வகுப்புத் தேர்வில் இந்த மாதிரி ஒரு கேள்வியாவது சேர்ப்போம் என்றதற்கு சக ஆசிரியர் ஒருவர், "ரிசல்ட் குறைஞ்சா யார் சார் பதில் சொல்றது?" என்றார். நியாயமான பயம்தான். மதிப்பெண் குறைவாக வைத்து ஒன்றே ஒன்று என்று முடிவானது.

முதல் தேர்வில் அந்தத் தம்பி கேள்விக்கு ஒருவன் எழுதியிருந்தான்: "கொடுக்கலாம். பாட்டி கொடுப்பாங்க. ஒன்றும் ஆகாது." மதிப்பெண் போடவில்லை என்று சண்டைக்கு வந்தான். "பாட்டி சொல்றது இருக்கட்டும்டா, பாக்கெட் என்ன சொல்லுது?" என்றேன். பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாக்கெட் வேணாம்னுதான் சார் சொல்லுது. ஆனா எங்க பாட்டி சொல்றதுதான் கரெக்ட்." அரை மதிப்பெண் போட்டேன்.