கிளின்டனில் ஒரு பழைய கடையும் மூன்று சுடுமண் தண்டுகளும்

சிகாகோவிலிருந்து மேற்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் மிசிசிப்பி ஆறு வந்துவிடும். பாலத்தைத் தாண்டியதும் ஐயோவா மாநிலம், கிளின்டன் என்ற சின்ன நகரம். பெரும்பாலானவர்கள் அந்த ஊரில் இறங்குவதில்லை, நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய்விடுவார்கள். நான் போனது ஒரே ஒரு கட்டடத்தைப் பார்க்க. ஐந்தாம் அவென்யூவும் தெற்கு இரண்டாம் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் நான்கு மாடி டிபார்ட்மென்ட் ஸ்டோர் அது. கடை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, கட்டடம் இருக்கிறது.

அதைக் கட்டச் சொன்னவர் ஜான் டெல்பர்ட் வான் ஆலன் என்ற ஜவுளி வியாபாரி. (பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைக்குப் பெயர் தந்த விஞ்ஞானி வான் ஆலனும் ஐயோவாக்காரர்தான், ஆனால் அவர் வேறு.) வரைந்து கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன். கட்டடக்கலை கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும். சிகாகோவின் ஆடிட்டோரியம் கட்டடத்தைத் தன் தொழில் கூட்டாளி ஆட்லரோடு சேர்ந்து கட்டிய மனிதர், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 'குரு' என்று கொண்டாடிய மனிதர், இந்தச் சின்ன ஊர் ஜவுளிக்கடைக்கு எப்படி வந்தார்? எனக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர் இல்லாமல் அந்தக் கடை புரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது, முப்பது வருடங்களில் கிளின்டன் மரத்தால் வாழ்ந்த ஊர். வடக்கே விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் வெட்டிய வெள்ளை பைன் கட்டைகளைத் தெப்பம் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள், அவை இங்கே வந்து சேரும், இங்குள்ள மில்கள் அறுத்துப் பலகையாக்கி ரயிலில் ஏற்றும், மேற்கே மரமே இல்லாத புல்வெளியில் புதிதாகக் குடியேறியவர்கள் அந்தப் பலகையில் வீடு கட்டுவார்கள். டபிள்யூ. ஜே. யங், சான்ஸி லாம்ப் போன்ற மில் முதலாளிகள் பெரும் பணம் சேர்த்தார்கள். மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் நாட்டிலேயே அதிகக் கோடீஸ்வரர்கள் இருந்த ஊர் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். அப்புறம் வடக்கே காடு தீர்ந்துபோனது. 1900 வாக்கில் மில்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. மேல் மிசிசிப்பியில் கடைசி மரத்தெப்பம் போனது 1915-ல்.

வான் ஆலன் கட்டடத்தின் வேலை நடந்தது 1912 முதல் 1914 வரை. அதாவது ஊருக்குச் சோறு போட்ட தொழில் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த மனிதர் நான்கு மாடி எழுப்பியிருக்கிறார். தொழில் போன பிறகும் ஊர் இருக்கும், நல்ல துணி வாங்க வருபவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அவ்வளவு பெரிய காரியத்தில் இறங்க மாட்டார்கள். வியாபாரத்துக்கு இன்னொரு பக்கமிருந்தும் அப்போது நெருக்கடி வந்திருந்தது. கிராமத்து வீட்டு வாசலுக்கே தபால் வரும் திட்டம் 1896-ல் தொடங்கிப் பரவியது, 1913 ஜனவரி 1-ம் தேதி அமெரிக்க அஞ்சல் துறை பார்சல் சேவையையும் ஆரம்பித்தது. சிகாகோவில் இருந்த சியர்ஸ், மாண்ட்கமெரி வார்ட் போன்ற கம்பெனிகளின் தடிமனான கேட்டலாக்கைப் பார்த்து ஒரு விவசாயக் குடும்பம் அடுப்பிலிருந்து உள்பாவாடை வரை வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கலாம் என்றாகிவிட்டது. சின்ன ஊர்க் கடைக்காரர்கள் இந்தப் பார்சல் சேவையைக் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றைக்கு ஆன்லைன் வியாபாரம் பற்றிக் கடைத்தெருவில் என்ன பேசுகிறார்களோ, ஏறக்குறைய அதேதான் அப்போதும் பேச்சு. அந்தச் சூழலில் ஒரு கடைக்காரர், கேட்டலாக் தர முடியாத ஒன்றைத் தெரு முனையில் நிறுத்திவிட்டார். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

சல்லிவன் பக்கம் வருவோம். 1856-ல் பிறந்தவர். 1895-ல் ஆட்லரோடு கூட்டு முறிந்ததிலிருந்து அவருக்கு வேலை வருவது குறைந்துகொண்டே போனது. கூட்டுக்கு வேலையைக் கொண்டுவந்தவர் ஆட்லர், சல்லிவனுக்கு வரையத்தான் தெரியும், ஆளைப் பிடிக்கத் தெரியாது. 1909-ல் தன் புத்தகங்களையும் வீட்டுச் சாமான்களையும் ஏலத்தில் விற்கும் நிலைக்கு வந்தார். மனைவியும் பிரிந்துபோனார். அதற்குப் பிறகு அவருக்கு வேலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெருநகரத்துக்காரர்கள் இல்லை, சின்ன ஊர்களின் வங்கிக்காரர்களும் வியாபாரிகளும்தான். சீடர் ரேப்பிட்ஸ், கிரினல், சிட்னி, கொலம்பஸ் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்ன வங்கி. 'நகைப் பெட்டிகள்' என்று அவற்றை அழைப்பார்கள். அந்தக் கடைசிக் கால வரிசையில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் கிளின்டன் ஒன்றுதான்.

சரி, கட்டடம். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் போனால் பாதி தெரியாது. கீழே ஷோகேஸ் கண்ணாடிகள், அவற்றைச் சுற்றிக் கறுப்புச் சலவைக்கல், வேறு எதுவும் இல்லை. மேலே மூன்று மாடிக்கும் நீளமான மெல்லிய செங்கல். தூரத்திலிருந்து சாம்பல் நிறம்தான், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குள் லேசாக ஊதா தெரியும். அகலமான ஜன்னல்களைச் சுற்றி வெளிர் சாம்பல் சுடுமண் சட்டம். ஹாலந்துப் பாணியில் நீலமும் வெள்ளையும் கலந்த ஓடுகள் அங்கங்கே பதித்திருக்கிறார்கள். வான் ஆலனின் முன்னோர்கள் டச்சுக்காரர்கள், அவருக்கு அதில் ரொம்பப் பெருமையாம்.

அப்புறம் அந்த மூன்று தண்டுகள். இரண்டாம் மாடி மட்டத்தில் வேலைப்பாடு நிறைந்த ஒரு தாங்கிக் கல்லிலிருந்து கிளம்பி, மெல்லிய தண்டாக மூன்று மாடியும் ஏறி, உச்சிக்குப் போனதும் பச்சை நிற இலைக்கொத்தாக வெடித்து விரிகின்றன. வெடித்து என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அந்தப் பச்சை அவ்வளவு தீவிரமான பச்சை. கட்டடம் முழுக்கக் கிடைமட்டக் கோடுகள்: ஜன்னல் வரிசை, செங்கல் பட்டை, சுடுமண் பட்டை எல்லாம் படுத்திருக்கின்றன. இந்த மூன்று மட்டும் எழுந்து நிற்கின்றன.

அவை எதையும் தாங்கவில்லை. உள்ளே எஃகுச் சட்டகம் இருக்கிறது, முழுப் பாரமும் அதில்தான். தண்டுகளை எடுத்துவிட்டால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. 'வடிவம் எப்போதும் பயன்பாட்டைப் பின்தொடரும்' என்று 1896-ல் எழுதியவர் இதே சல்லிவன்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு வந்த தலைமுறை அலங்காரமே கூடாது என்று சுவரையெல்லாம் மொட்டையாக்கியது. எழுதியவரோ வயதான காலத்தில், கையில் காசு இல்லாத காலத்தில், ஒரு ஜவுளிக்கடையின் நெற்றியில் இப்படி மூன்று செடிகளை ஏற்றி வைத்திருக்கிறார். இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் போகிறவனை நிறுத்தி மேலே பார்க்க வைப்பதும் ஒரு கடையின் பயன்பாடுதானே. என்னை அது முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது.

சிகாகோவில் ஸ்டேட் தெருவில் அவர் 1899-லிருந்து 1904 வரை கட்டிய ஷ்லெசிங்கர் அண்ட் மேயர் கடையை (பிறகு கார்சன் பிரி ஸ்காட்) நான் பல முறை பார்த்திருக்கிறேன். அங்கே அலங்காரமெல்லாம் கீழே இருக்கிறது. தரைத்தளத்தையும் அதற்கு மேல் தளத்தையும் வார்ப்பிரும்புக் கொடிகள் மூடியிருக்கும், மேலே போகப் போக வெறும் வெள்ளைச் சட்டமும் ஜன்னலும்தான். கிளின்டனில் அப்படியே தலைகீழ். காரணம் எங்கும் படித்ததில்லை, நின்று பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஸ்டேட் தெருவில் கூட்டம் தோளோடு தோள் உரசிப் போகும், கண் போகும் தூரம் நாலடிதான், அதனால் அலங்காரம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கிளின்டனில் தெரு அகலம், பக்கத்துக் கட்டடங்கள் உயரம் குறைவு. இரண்டு தெரு தள்ளி வருகிறவனுக்கும் அந்தப் பச்சைக் கொத்து தெரிந்தாக வேண்டும். அவன் நடந்து வந்து சேரும்போது கீழே கறுப்புக் கல்லுக்கு நடுவே துணிதான் தெரிய வேண்டும், வேறு எதுவும் அதோடு போட்டி போடக் கூடாது.

ஜன்னல்கள் அவ்வளவு அகலமாக இருப்பதும் அழகுக்காக மட்டும் இல்லை. அந்தக் கால விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். துணி வாங்குகிறவர்கள் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் ஜவுளிக்கடைக்குப் பகல் வெளிச்சம் என்பது சரக்கைப் போலவே முக்கியம். சுவர் பாரம் தாங்க வேண்டியதில்லை என்றால் சுவரை ஜன்னலாக்கிவிடலாம், எஃகுச் சட்டகம் கொடுத்த சௌகரியம் அது. உள்ளேயும் குறுக்குச் சுவர்கள் வேண்டாம், தூண்கள் போதும். மேஜைகளையும் அலமாரிகளையும் இஷ்டப்படி மாற்றி மாற்றிப் போடலாம்.

சல்லிவன் 1924 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு சாதாரண ஹோட்டல் அறையில் இறந்தார். கடை அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. அதற்கு என்ன ஆனது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா ஊர்க் கடைத்தெருவுக்கும் ஆனதுதான். 1956-ல் மினியாபொலிஸ் பக்கத்தில் சவுத்டேல் திறந்தது, கூரை போட்டு ஏசி வைத்து நாலாபக்கமும் கார் நிறுத்த இடம் விட்ட முதல் பெரிய மால். அதே மாதிரி ஒவ்வொரு ஊர் எல்லையிலும் முளைத்தது. நடு ஊர்க் கடைகள் அந்த மால்களைப் போலப் புதிதாகத் தெரிய வேண்டும் என்று பழைய முகப்பின் மேல் அலுமினியத் தகட்டை அடித்து மூடிக்கொண்டன, அப்புறம் அதுவும் உதவாமல் கடையையே மூடின. பல கட்டடங்கள் இடிந்து கார் நிறுத்தும் இடமாயின.

சல்லிவனின் கட்டடங்களுக்கு அந்த வருடங்கள் இன்னும் மோசம். சிகாகோவில் கேரிக் தியேட்டர் 1961-ல் போனது. பங்குச் சந்தைக் கட்டடத்தை 1972-ல் இடித்தார்கள். ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர், இடிபடும் சல்லிவன் கட்டடங்களுக்குள் போய்ப் படம் எடுப்பதும் உடைவதற்கு முன் வேலைப்பாடுகளைக் கழற்றிக் காப்பாற்றுவதுமாக வாழ்ந்தவர், அந்தப் பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள்ளேயே தளம் சரிந்து இறந்துபோனார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும். அது நடந்து நான்கு வருடம் கழித்து, 1976-ல், கிளின்டன் கடை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெருநகரத்தில் நிலத்தின் விலை சல்லிவனின் கட்டடங்களைத் தின்றது. கிளின்டனில் நிலத்துக்கு அந்த விலை இல்லை. அந்த இடத்தில் முப்பது மாடி கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் சின்னம் என்று அறிவித்துவிட்டால் கூரை ஒழுகுவது நிற்காது. தனியார் தன் காசில் இடித்தால் அந்தப் பட்டம் தடுக்கவும் முடியாது, பலருக்கு இது தெரிவதில்லை. கட்டடத்தை உண்மையில் காப்பாற்றுவது வாடகை. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடத்தை முறையாகப் புதுப்பித்து வருமானத்துக்குப் பயன்படுத்தினால் செலவில் 20 சதவீதம் வரை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். நாடு முழுக்கப் பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் வீடுகளாக மாறியதற்கு இந்தச் சலுகை பெரிய காரணம். ஆனாலும் எல்லாக் கடையையும் வீடாக்க முடியாது, பரந்த தளத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சமே வராது. முனையில் நிற்கும், அளவான, ஜன்னல் நிறைந்த கட்டடம் என்றால் சுலபம். கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்க்க வைத்த ஜன்னல்களே இப்போது குடியிருப்பவர்களுக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. ஆமாம், வான் ஆலன் கட்டடத்தின் மேல் மாடிகள் இப்போது அடுக்ககம், தரைத்தளம் வியாபாரத்துக்கு.

கிளின்டனின் மக்கள்தொகை 1910 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 25,500. இடையில் 34,000-ஐத் தாண்டிப் போய், 2020-ல் திரும்பவும் 24,500 பக்கம் வந்து நிற்கிறது. வான் ஆலன் கடை கட்டியபோது இருந்த அதே அளவு ஊர்.

நான் போன அன்று சாயங்காலம் தரைத்தளத்தில் மருந்து வாங்க இரண்டு பேர் உள்ளே போனார்கள், அண்ணாந்து பார்க்கவில்லை. தினமும் பார்ப்பவர்கள். மூன்றாம் மாடியில் நடுத் தண்டுக்கு இடதுபக்க ஜன்னலில் திரையை ஒதுக்கிவிட்டு யாரோ ஒரு பூந்தொட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். அந்தச் செடி எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் சல்லிவனின் சுடுமண் தண்டு மேலே ஏறிப் போகிறது.