ஜூன் 16-ஐப் பலகையில் எழுதும்போது

மலேசியத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ‘வரலாற்றில் இன்று’ பலகையை எழுதுவது யார் பொறுப்பு என்று எந்தப் பணிப்பட்டியலிலும் இருக்காது. வரலாறு எடுக்கும் ஆசிரியரிடமோ கையெழுத்து அழகாக இருப்பவரிடமோ அது தானாக வந்து சேரும். மணி அடிப்பதற்குள் நாலு வரி எழுதியாக வேண்டும், சபைக்கூடலில் ஒரு மாணவர் அதை வாசித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் கைப்பேசியில் அன்றைய தேதியைத் தட்டி, முதலில் வருவதை எழுதிவிடுவார்கள். அதனால் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் படிக்கும் பிள்ளைக்கு எங்கோ ஐரோப்பாவில் ஓர் அரசர் முடிசூடிய நாள் தெரிந்திருக்கும். தன் ஊர்ப் பெயர் உலகச் செய்தியில் அடிபட்ட நாள் தெரிந்திருக்காது.

அந்த நாள் ஜூன் 16. 1948-ல் அது புதன்கிழமை. காலை எட்டரை மணியளவில் எல்பில் தோட்ட அலுவலகத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை, அதாவது தோட்ட நிர்வாகி, சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன் என்ற துரையும், இயன் கிறிஸ்டியன் என்ற சின்னத் துரையும் கொல்லப்பட்டார்கள். பேரா, ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் உடனே, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கவென்று, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; ஜூன் 18-ல் மலாயா முழுமைக்கும் அது நீண்டது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அதே ஜூன் 16-ல், 1919-ல், அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். துரைகள் சுடப்பட்ட அன்று அவருக்கு 29 வயது நிறைந்தது. பின்னாளில் 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்தார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்க முன்னின்றவர் அவர். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கிய சங்கம் அது.

இரண்டில் எதைப் பலகையில் எழுதுவது? இரண்டையும் எழுத வேண்டும் என்பதே எங்கள் முடிவு. ஆண்டு வரிசையில் 1919 முதலில், 1948 அடுத்து. இரண்டுக்கும் முடிச்சுப் போடக்கூடாது. ஒரே தேதியில் விழுந்ததால் ஒன்று மற்றொன்றுக்கு அறிகுறி என்று எழுதினால் அது சோதிடமாகிவிடும். 1948-ஐ எழுதும்போது கொலையோடு நிறுத்துவதும் நியாயமில்லை. போர் முடிந்த பிறகு தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டுத் தொடர்ந்து வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்தன என்பதற்கு ஒரு வரி. அவசரகாலத்தில் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சுற்றி முள்கம்பி வேலி வந்தது, மரம் வெட்டப் போகிறவர்கள் வெளியே சோறு கொண்டுபோகத் தடை இருந்த இடங்கள் உண்டு என்பதற்கு இன்னொரு வரி. அந்தச் சோற்றுத் தடையைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். விடியலில் இறங்கி நண்பகல் வரை வெறும் வயிற்றோடு வேலை செய்வது என்னவென்று அவர்கள் வீட்டிலேயே கேட்டறியலாம்.

வேலையைச் சரியாகச் செய்ய ஓர் அட்டைப்பெட்டி போதும். அஞ்சலட்டை அளவில் தடித்த அட்டைகள் 366; பிப்ரவரி 29-ஐ விட்டுவிடாதீர்கள். தலைப்பில் நாளும் மாதமும் மட்டும். கீழே நான்கு விவரம். ஆண்டும் கிழமையும், நிகழ்ச்சி ஒரே வாக்கியத்தில் (யார் என்ன செய்தார் என்று வினைச்சொல்லோடு), அது எந்த வகை நாள், எங்கே சரிபார்த்தது. இரண்டு தனித்தனி மூலங்களில் பார்க்கும்வரை பென்சிலால் எழுத வேண்டும், பிறகே மை. இரண்டு இணையப் பக்கங்களில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தால் அது ஒரு மூலம்தான். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருக்கிறது.

பெரும்பாலான பிழைகள் மூன்றாவது விவரத்தில்தான் பிறக்கின்றன. ஒரு நிகழ்ச்சிக்கு நடந்த நாள், அறிவித்த நாள், அமலுக்கு வந்த நாள், கொண்டாடும் நாள் என்று பல நாள்கள் உண்டு. சுதந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதியை துங்கு அப்துல் ரஹ்மான் மலாக்காவில் அறிவித்தது 1956 பிப்ரவரி 20. கோலாலம்பூர் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவு. மெர்டேக்கா அரங்கில் பிரகடனம் வாசித்தது 31 காலை. மூன்றுக்கும் மூன்று அட்டை. மலேசியா உருவானதும் அப்படித்தான். 1963 ஆகஸ்ட் 31 என்று முதலில் திட்டமிட்டார்கள். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாடுகள் குழு வந்ததால் செப்டம்பர் 16-க்குத் தள்ளிப்போனது. அந்த நாள் நாடு முழுமைக்கும் பொது விடுமுறையானது 2010 முதல்தான். ‘1963 முதல் விடுமுறை’ என்று எழுதினால் அட்டை பொய் சொல்கிறது.

பழைய நாளிதழ்களைப் பார்க்க சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகம் பெரிய உதவி. தமிழ் முரசின் பழைய பக்கங்களும் அதில் கிடைக்கும். பக்கத்தின் உச்சியில் இருப்பது இதழ் வந்த தேதி. செய்தியின் உள்ளே ‘நேற்று’ என்றிருந்தால் ஒரு நாள் கழிக்க வேண்டும். ‘புதன்கிழமை’ என்றிருந்தால் நாள்காட்டியில் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு நாள் பிசகு, பலகைகளில் நாங்கள் மிக அதிகமாகக் காணும் பிசகு.

அடுத்தது கடிகாரம். தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12 மணிக்குத் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக 30 நிமிடம் முன்னே போனது. ஆகவே 1948-ன் காலை எட்டரை, இன்றைய கடிகாரக் கணக்கில் ஒன்பது மணி. பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து, ஆள்கள் மர நிரையில் இறங்கி வெகுநேரமாகி, அலுவலகத்தில் துரையும் கிராணிமாரும் (எழுத்தர்களும்) மட்டும் இருக்கும் வேளை. இதைச் சொன்னால்தான் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைக்குப் புரியும். ஜப்பானியர் ஆட்சியில் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டிருந்தது; அந்த ஆண்டுகளின் நேரக் குறிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும்.

ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8, திங்கள், நள்ளிரவு தாண்டி ஒரு மணி நேரத்துக்குள். பெர்ல் துறைமுகத் தாக்குதல் டிசம்பர் 7 என்று பாடநூலில் இருப்பதால், அதுதான் முந்தியது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஹவாய் சர்வதேசத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம்; அங்கே நாள்காட்டி ஒரு நாள் பின்னே இருக்கும். உண்மையில் கோத்தா பாருதான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது. தோட்டத்துப் பெரியவர்களின் கணக்கோ வேறு. விடியும்வரை அவர்களுக்கு முந்தைய நாள்தான். ஆகவே அதை ‘ஞாயிற்றுக்கிழமை ராத்திரி’ என்பார்கள். அவர்கள் தவறு சொல்லவில்லை. அட்டையில் திங்கள் என்று எழுதி, பக்கத்தில் ‘ஞாயிறு இரவு விடிந்தால்’ என்று சேர்த்துவிடுங்கள்.

ஊர்த் தேதிகளைச் சேகரிக்கும்போது இந்தக் கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வயதான ஆயாவிடம் போய் ‘எந்தத் தேதி?’ என்று கேட்டால் பதில் வராது. ‘தைப்பூசம் முடிஞ்ச மறு வாரம், சம்பளத்துக்கு முந்தின நாளு’ என்பார். முதலில் ஆண்டைப் பிடிக்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னா பின்னா, கம்பிவேலி வந்தாச்சா, மூத்த பிள்ளை பிறந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தால் ஓரிரண்டு ஆண்டுக்குள் அடங்கும். பிறகு அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தில் தைப்பூசம் எப்போது என்று பார்க்க வேண்டும். இந்த ஆண்டுத் தேதியைப் போடக்கூடாது. கடைசியாகக் கிழமை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர் பண்டிகையும் கைகொடுக்கும். சிங்கப்பூர் விழுந்தது சீனப் புத்தாண்டன்று என்று ஒருவர் சொன்னால் அவர் நினைவு சரி. 1942 பிப்ரவரி 15, ஞாயிறு, சீனப் புத்தாண்டின் முதல் நாள்.

பிறந்த நாள்களில் அடையாள அட்டையை அப்படியே நம்ப வேண்டாம். எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். ஆனால் பழைய தலைமுறையில் பலருக்கு அது பதிவு செய்த நாள் அல்லது கிராணி எழுதிய நாள். ‘ஆவணப்படி’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

சில இழப்புகளுக்குத் தேதியே கிடைக்காது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை, 415 கிலோமீட்டர், திறப்பு விழா 1943 அக்டோபர் 25. அந்தத் தேதி கட்டியவர்களின் எசமானர்களுடையது. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்களின் வீடுகளில், ஆள் போன நாள்தான் தெரியும், இறந்த நாள் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் படைப்பது வழக்கம். ஆகவே அக்டோபர் 25-ல் ‘பாதை திறக்கப்பட்டது’ என்று எழுதினால், அடுத்த வரியில் யார் கையால் என்றும் எழுதியாக வேண்டும். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆண்டு மட்டும் தெரிந்த செய்திகளுக்குத் தனிக் கட்டு வையுங்கள். 1877-ல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டது, 1917-ல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வணிகத்துக்குப் பயிரானது போன்றவை. இவற்றை ஏதோ ஒரு தேதியில் ஒட்டிவிடும் ஆசை வரும். ஒட்ட வேண்டாம், வெறுமையான நாள்களில் ‘இந்த ஆண்டில்’ என்று தலைப்பிட்டு எழுதலாம்.

அக்டோபர் 21 மாதிரி நாள்கள் வரும்போது இடம் போதாது. 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கியது அன்று. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் அங்கே நடந்த தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. 1943-ல் நேதாஜி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசைப் பிரகடனம் செய்ததும் அன்றுதான். ஒற்றைப்படை ஆண்டில் ஒன்று, இரட்டைப்படை ஆண்டில் மற்றொன்று என்று மாற்றி எழுதுங்கள். ஆறு வருடம் படிக்கும் பிள்ளை இரண்டையும் மும்மூன்று முறை கேட்டுவிடும்.

மே 4 போன்ற நாளில் தயங்க வேண்டாம். 1949-ல் அன்று தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டு, அவர் வகித்த பதவி, தண்டனை, இவ்வளவும் எழுதலாம். வீரர், துரோகி என்ற சொற்களைப் பலகையில் போடக்கூடாது. மே 13-க்கு 1969-ன் இனக் கலவரத்தை எழுதினால், அதன் பின் 1970 ஆகஸ்ட் 31-ல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு பிரகடனமானதையும் அதே அட்டையில் குறித்துவையுங்கள்.

எழுதும் முறையில் இரண்டே குறிப்பு. நாற்பது சொல்லுக்கு மேல் போனால் வாசிக்கிற பிள்ளை மூச்சு வாங்கும். ஆண்டை எண்ணில் எழுதினாலும், வாசிப்பவரை ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு’ என்று முதல்நாளே சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும். தடுமாறுவது எப்போதும் அங்கேதான். சனி ஞாயிறில் விழுவதை வெள்ளியன்றே ‘நாளை’, ‘நாளை மறுநாள்’ என்று போடுங்கள். பள்ளி விடுமுறையில் விழும் அட்டைகளைத் தனியே எடுத்து, பள்ளி திறந்த முதல் வாரத்தில் தேதியோடு வாசிக்கலாம். ஜூன் 16 விடுமுறையில் விழும் ஆண்டில் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

பெற்றோர் யாராவது வந்து ‘இது தப்பு, எங்க தாத்தா வேற மாதிரி சொன்னாரு’ என்றால் அட்டையை எடுத்துக் காட்டுங்கள். அவர் சொல்வதைப் பின்பக்கத்தில் பென்சிலால், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை அழிக்க வேண்டாம். திருத்த நேர்ந்தால் பழைய வரியில் ஒரே கோடு, பக்கத்தில் திருத்திய தேதி. அடுத்து பலகைக்குப் பொறுப்பேற்பவர் எது ஏன் மாறியது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.