அம்மாவின் மெட்டிச் சத்தம்

ஜூன் 8

அப்பா ஒரு வருடமாகக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால் "உங்கம்மா ராத்திரி முழுக்க உதைக்கிறா" என்கிறார். அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "நான் படுத்தா மரக்கட்டை மாதிரி கிடப்பேன். அவருக்குத்தான் தூக்கம் வரல."

இன்று அம்மாவோடு நான் படுத்தேன். பன்னிரண்டரை மணி வாக்கில் டிக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி டிக். கால்மாட்டு இரும்புக் கம்பியில் அம்மாவின் மெட்டி இடிக்கிற சத்தம். செல்போன் வெளிச்சத்தைத் தரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் கால் கட்டைவிரல் நிமிர்கிறது, அப்புறம் பாதம் முழுக்க மேல்நோக்கி மடங்குகிறது, முழங்கால் லேசாக மடிகிறது, இரண்டு நொடிக்குள் எல்லாம் தளர்ந்து பழையபடி ஆகிவிடுகிறது. முகத்தில் சலனமே இல்லை, மூச்சு மட்டும் ஒருமுறை ஆழமாக வந்து போனது. இடைவெளியை எண்ணினேன். 24 நொடி, 27, 23, 26. இத்தனை சீராக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 9

காலையில் அம்மாவின் பிரஷர் 164/92. ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டு தடவை அளவைக் கூட்டியாகிவிட்டது. சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை, மூன்று மாத சராசரி 8.1.

மத்தியானம் காய் நறுக்கும்போது கேட்டுப் பார்த்தேன், சாயங்காலம் கால் ஏதாவது செய்கிறதா என்று. "குடைச்சல்தான். உள்ளுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி. எந்திரிச்சு நடந்தா போயிரும். உன்னை வயித்துல வச்சிருந்தப்ப ஆரம்பிச்சது, இப்ப கூடிப்போச்சு." முப்பத்தி நாலு வருடம்! இதுவரை பார்த்த ஒரு டாக்டரிடமும் சொன்னதில்லை. கால் குடைச்சலை எல்லாம் யார் டாக்டரிடம் போய்ச் சொல்வது என்ற நினைப்பு.

ஜூன் 11

ராத்திரி எடுத்த வீடியோவை டாக்டர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். கேட்டதெல்லாம் நாலு கேள்விதான்: காலை அசைக்கணும்போல உந்துதல் வருகிறதா, சும்மா உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா, சாயங்காலமும் ராத்திரியும்தான் அதிகமா. நாலுக்கும் அம்மா ஆமாம் என்றார். இது அமைதியற்ற கால்கள் என்கிற நோய், இது இருப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் தூக்கத்திலும் கால் இப்படி விட்டு விட்டு இழுக்கும், பலருக்கு இழுப்பது தெரியவே தெரியாது என்றார். இரும்புச்சத்துக்கு ரத்தப் பரிசோதனை, 24 மணி நேர பிரஷர் கருவி, ஒரு இரவு தூக்கப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 17

நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில். அம்மாவின் தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, இரண்டு முழங்காலுக்குக் கீழே கால் எலும்பை ஒட்டிய தசை, எல்லா இடத்திலும் வயர். மூக்கில் குழாய், வயிற்றில் பட்டை, விரலில் கிளிப். "கோயில் கொடை சப்பரம் மாதிரி ஜோடிச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையில் அந்தப் பரிசோதனை செய்த பெண் திரையில் காட்டினார். ஒரு பக்கத்துக்கு 30 நொடி. நேராகப் போகிற கால் கோடு திடீரென்று புதர் மாதிரி தடிக்கிறது. அதே இடத்தில் கீழே இதயத்துடிப்புக் கோட்டைப் பார்த்தால் துடிப்புகள் நெருங்கி நெருங்கி வருகின்றன, கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகிவிடுகின்றன. அரை நொடியிலிருந்து 10 நொடி வரை நீடிக்கிற அசைவு, 5 முதல் 90 நொடி இடைவெளியில் குறைந்தது 4 தொடர்ந்து வந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். பெரியவர்களுக்கு மணிக்கு 15-ஐத் தாண்டினால் அதிகம். அம்மாவுக்கு 41. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 246 தடவை.

ஜூன் 19

பிரஷர் கருவி முடிவு வந்தது. தூங்கும்போது பிரஷர் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். அம்மாவுக்குப் பகல் சராசரி 146, இரவு சராசரி 149. இறங்கவே இல்லை.

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு இழுப்போடும் மேல் பிரஷர் 20 அளவுக்கு எகிறலாம் என்று 2007-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். வயதான ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்த அசைவு அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பொதுமக்கள் 2,162 பேரைப் பரிசோதித்ததில் 28.6 சதவீதம் பேர் மணிக்கு 15-ஐத் தாண்டியிருந்தார்கள். உடல் எடை, சர்க்கரை, மன அழுத்த மாத்திரை எல்லாம் அதோடு சேர்ந்தே இருந்தன. அதாவது, அசைவு இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து என்று ஆகிவிடாது. கால்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்றும் நிரூபணமாகவில்லை, ஏனென்றால் துடிப்பு கூடுவது கால் அசைவதற்குச் சற்று முன்பே தொடங்கிவிடுகிறதாம். இரண்டையும் உள்ளிருந்து ஒரே நரம்புக் கிளர்ச்சி தள்ளிவிடுகிறது போல.

என்னை உலுக்கியது சிகாகோவில் செய்த ஒரு சின்ன ஆய்வு, 2008-இல் வந்தது. ஆரோக்கியமான இளம் வயதினர் 9 பேர். விழித்துவிடாத அளவுக்குச் சத்தம் கொடுத்து, மூன்றே இரவு ஆழ்ந்த தூக்கத்தைக் கலைத்திருக்கிறார்கள். இன்சுலின் வேலை செய்கிற திறன் ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்துவிட்டது. அவர்களும் எட்டு மணி நேரம் தூங்கினோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அம்மா சொல்வது மாதிரியே. அம்மா வாயைக் கட்டவில்லை, ஒழுங்காக நடக்கவில்லை என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

ஜூன் 21

ஹீமோகுளோபின் 12.2, ரத்தசோகை இல்லை. ஆனால் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 19 மட்டுமே. இந்த நோய்க்கு அது 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கலாமாம், உடல் அசைவைக் கட்டுப்படுத்த உதவுகிற டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் உருவாக இரும்பு வேண்டும். பாத எரிச்சலுக்கு என்று வேறோர் இடத்தில் கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையும் இந்த இழுப்பைக் கூட்டக்கூடியது. டாக்டர் அதைப் படிப்படியாகக் குறைத்து, எரிச்சலுக்கும் குடைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கிற ப்ரீகாபலினுக்கு மாற்றினார், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

இரும்பு மாத்திரையை டீயோடு சேர்த்தால் உடம்பில் ஒட்டாது. அம்மாவுக்கு டீ இல்லாமல் பொழுது விடியாது. பேசிப் பேசி, ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பத்தரைக்கு எலுமிச்சை ஜூஸோடு என்று முடிவானது.

செப்டம்பர் 14

ஃபெரிட்டின் 58. இன்னும் ஏற வேண்டும். காலை பிரஷர் இப்போது 140-ஐ ஒட்டி இருக்கிறது. இரும்பா, மாத்திரை மாற்றியதா, ஊறுகாயை விட்டதா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடுத்த மாதம் மறுபடி 24 மணி நேரக் கருவி.

நேற்று ராத்திரி அம்மாவின் கால்மாட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெட்டி ஐந்து தடவைதான் இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் அப்பா நிற்கிறார். விரலை விரித்துக் காட்டினேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், காலையில் எடுத்த பிரஷருக்குக் கீழே, அதையும் எழுதி வைத்திருக்கிறார்.